படகு உறை: சரிவு முதலில், துணி பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

படகுக்கு உறை வாங்குவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சென்னையில் படகு என்றதும் காசிமேட்டு விசைப்படகும் பைபர் படகும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது பாண்டூன் படகைப் பற்றி. இரண்டு அல்லது மூன்று நீள அலுமினியக் குழாய்கள் தண்ணீரில் மிதக்கும். அவற்றின் மேல் தட்டையான தளம், சுற்றிலும் கம்பித் தடுப்பு, உள்ளே சோபா மாதிரி இருக்கைகள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரெஸ் என்பவர் 1952ஆம் ஆண்டு வாக்கில் இரும்புப் பீப்பாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டார். அங்கிருந்து வளர்ந்த வடிவம் இது.

ஏரிகளுக்காக உண்டான படகு என்பதைக் கவனியுங்கள். மினசோட்டாவில் ஏரி உறைந்துபோகும் காலத்தில் படகைக் கரையேற்றி மூடிவைப்பார்கள். அங்கே உறைக்கு முக்கியமான வேலை அதுதான். முட்டுக்காடு, கோவளம் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் படகு கட்டியிருப்பவருக்கு அந்தக் கதையே இல்லை. வருடம் முழுக்க வெயில், உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. அதனால் வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து உறை வாங்குவது பாதி சரி, பாதி தப்பு.

நான் தார்ப்பாய் தைக்கிறவன். லாரிக்கும் கடை முகப்புக்கும் தைப்பதுதான் பிழைப்பு. படகு உறை அவ்வப்போது வரும். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிஎஸ்எம் போடுவீங்க?" ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். நான் திருப்பிக் கேட்பது, "நடுவில் தூக்கி நிறுத்த என்ன வச்சிருக்கீங்க?" பெரும்பாலும் பதில் இருக்காது.

பாண்டூன் படகின் தொல்லையே அதன் தட்டை உடம்புதான். கம்பித் தடுப்பின் மேல் உறையை இழுத்துக் கட்டினால் நடுவில் தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. 20 அடி நீளம், எட்டரை அடி அகலம் உள்ள படகு என்று வையுங்கள். அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 160 லிட்டர் தண்ணீர். பத்து சென்டிமீட்டர் என்றால் ஒன்றரை டன்னுக்கும் மேலே. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் என்பது அதிசயமில்லை. இதில் பாதி வழிந்து போனாலும், மீதி நடுவில் தேங்கும். தேங்கிய இடத்தில் துணி நீளும், பள்ளம் ஆழமாகும், இன்னும் தண்ணீர் சேரும்.

ஒரு கார்த்திகை மாதம், நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்த ஒரு படகைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். தார்ப்பாய் கிழியவில்லை. அதுதான் வினையே. தொய்ந்து இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் தளம்வரை இறங்கி, ஒரு பக்கத் தடுப்புக் கம்பியை உள்பக்கமாக வளைத்திருந்தது. வாளியால் மொண்டு ஊற்றிவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கியதும் குப்பென்று புழுங்கல் வாடை. வெள்ளை ரெக்சின் இருக்கை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். விரலால் தேய்த்தால் மேலே இருப்பது வரும், தையலுக்குள் இறங்கியது வராது. மழைத்தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த ஈரம் வெளியே போகவும் வழியில்லை. அவ்வளவு பூஞ்சையும் அந்த ஈரத்தால் வந்தது.

ஆகவே முதல் செலவு துணிக்கு இல்லை, சரிவுக்கு. உயரம் கூட்டிக் குறைக்கிற தாங்கு கம்பங்கள் இரண்டு மூன்றைப் படகின் நடுக்கோட்டில் நிறுத்துங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீளவாட்டில் பட்டை நாடா இழுத்துக் கட்டுங்கள். அதன் மேல் உறை விழுந்தால் இரு பக்கமும் தண்ணீர் ஓடிவிடும். கம்பத்தின் தலை துணியில் படும் இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். தடுப்பின் நான்கு மூலைகளுக்கும் அதேபோல் ஒட்டுத் துண்டு வேண்டும். காற்றில் உறை ஆடும்போது மூலைதான் தேயும்.

அடுத்தது காற்றுப்போக்கு. உறையின் மேல்பகுதியில், மழை உள்ளே விழாதபடி மூடி வைத்த காற்றுத் துளைகள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். பூஞ்சைக்காக மட்டும் சொல்லவில்லை. பெட்ரோல் டேங்க்கிலிருந்து ஆவி வரும், பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு வரும். மூடிய உறைக்குள் இவை சேர்வது நல்லதல்ல. உறையைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.

சரி, இப்போது துணி. கடையில் 300 டெனியர், 600 டெனியர் என்பார்கள். ஒன்பது கிலோமீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் என்று பொருள். வெயில் தாங்கும் என்று பொருளில்லை. வெயில் தாங்குவது சாயம் ஏற்றிய விதத்தைப் பொறுத்தது. நெய்த பிறகு சாயம் போட்டால் நிறம் மேலோடு நிற்கும். இழை உருவாகும்போதே நிறம் கலந்துவிட்டால் சீக்கிரம் வெளுக்காது. ஒரு துண்டுத் துணி வாங்கி, ஓரத்து நூல் ஒன்றை உருவி, முறுக்கைப் பிரித்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வகை என்று பார்த்தால் மூன்றுதான். பிவிசி பூசிய துணி தண்ணீரை அறவே விடாது, காற்றையும் விடாது, கனமும் அதிகம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன். அக்ரிலிக் துணி மூச்சுவிடும், வெயிலுக்கு நின்று பிடிக்கும். சன்பிரெல்லா என்று கேட்டு வாங்குகிறார்களே, அது இந்த வகைதான். ஆனால் தண்ணீர் தேங்கினால் மெல்லக் கசியும், உரசலில் சீக்கிரம் தேயும். விலையும் கூடுதல். பாலியஸ்டர் இந்த இரண்டுக்கும் நடுவில். பணம் அளவாக இருந்தால், நூலிலேயே நிறம் ஏறிய 600 டெனியர் பாலியஸ்டர் போதும், சரிவு ஒழுங்காக இருக்கும் பட்சத்தில். நிறம் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் பார்க்க எடுப்பாக இருக்கும், சித்திரை வெயிலில் உள்ளே இருக்கை வெந்துவிடும்.

தையலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு அழகில்லை. நல்ல துணியில் மட்டமான நூல் போட்டால் துணி இருக்கும், உறை இருக்காது. பருத்தி நூல் இற்றுப்போகும். நைலான் நூல் ஈரத்தில் நீளும், வெயிலில் பலம் போகும். பாலியஸ்டர் நூல் என்று கேட்டு, மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். நாட்டு ஓடு வேய்வது மாதிரி மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் படிந்து இறங்க வேண்டும், மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கயிறு கோக்கும் துளைக்கு அடிக்கிற வளையம், அதாவது ஐலெட், பித்தளையிலோ நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்கட்டும். இரும்பு ஐலெட் கடலோரத்தில் துருப்பிடித்துச் சுற்றியுள்ள துணியையும் தின்றுவிடும். பெரிய தையல்காரர் கிடைக்கவில்லையா, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கார் சீட் கவர் தைப்பவர்களிடம் கேளுங்கள். தடித்த துணிக்கான மெஷினும் கைப்பழக்கமும் அவர்களிடம் உண்டு.

அளவு எடுக்கும்போது குழாயை அளக்காதீர்கள். சில படகுகளில் குழாய் தளத்தைவிட முன்னே நீண்டிருக்கும். தளத்தின் நடுக்கோட்டில் முனையிலிருந்து முனைவரை நீளம், அகலமான இடத்தில் அகலம், தடுப்பின் உயரம். ஏணி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இன்ஜின் இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் உறையை நம்பவேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தோம். அந்தக் காற்றில் கம்பம் வைத்துத் தூக்கிய உறை பாய்மரமாகிப் படகையே இழுத்துப் போய்விடும். படகைக் கரையேற்றுங்கள், நிழல்கூரையை மடக்குங்கள், கம்பங்களை எடுத்துவிட்டுப் படகைக் கீழே கட்டுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். துணி சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், வாஷிங் மெஷின் கூடவே கூடாது. ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள்.

புதிதாகத் தைக்கக் கொடுக்கிறவர்கள் ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள். தைத்து வந்ததும் படகில் மாட்டி, மேலே குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, திருத்தித் தரச் சொல்லித் தையல்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லா மெஷினும் பந்தல் தார்ப்பாயிலேயே ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் உறைக்கு முறை வர நாளாகும்.

நன்றி, வணக்கம்.