அழகே அழகே, நான்கு புளிமா

வணக்கம் நேயர்களே. நான் வடசென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. பாடலாசிரியர் நா. முத்துக்குமாரைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தவிப்பு வந்தது, ஆயிரத்துக்கும் மேலே பாட்டு எழுதிய மனிதரைப் பற்றி இந்தக் கொஞ்ச நேரத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது? அதனால் எனக்கு மிக நெருக்கமான நாலைந்து பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆசிரியை ஆவதற்கு முன்னால் தி.நகரில் ஒரு துணிக்கடையில், சேலைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி சாத்துகிற வரைக்கும் உட்காரக் கூடாது, ஆள் இல்லாத நேரத்திலும் கூடாது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றத்தில் சட்டத்திருத்தம் வந்தது, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் நின்ற காலத்தில், 2010-ல், ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பற்றி ‘அங்காடித் தெரு’ படம் வந்தது. எங்கள் விடுதியில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் பாட்டுக் கேட்கிற செல்போன். ராத்திரி பதினோரு மணிக்கு, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தப் படத்துப் பாட்டு ஒன்றை நாங்கள் ஆறு பேர் கேட்டோம். ‘அவள் அப்படி ஒன்றும் அழகில்லை’ என்று ஆரம்பிக்கிறது.

பாட்டில் வருகிற பெண் என்றால் நிலவு, மயில், சிலை என்றே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த வாக்கியம் எங்கள் வீட்டு வாக்கியம். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற வாக்கியம். என் காதிலேயே விழுந்திருக்கிறது. அதே வார்த்தையை, ஒரு எழுத்துகூட அலங்காரம் பண்ணாமல், ஒரு காதலன் வாயில் வைத்து, அடுத்த வரியிலேயே அவளுக்கு யாரும் இணையில்லை என்று எழுதிவிட்டார். அன்றைக்கு நாங்கள் அதை எத்தனை தடவை திருப்பிப் போட்டோம் என்று கணக்கே இல்லை. யார் எழுதியது என்று நான் தேடத் தொடங்கியது அந்த ராத்திரிதான்.

முத்துக்குமார் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கன்னிகாபுரம் என்கிற சின்ன ஊரில் 1975 ஜூலை 12-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பா தமிழாசிரியர், வீடு நிறையப் புத்தகம் வாங்கிப் போட்டவர். பையன் இயற்பியல் படித்துவிட்டு, சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தார். டைரக்டர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை, பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்தார். கிணற்றில் தூர் வாருவதைப் பற்றி அவர் எழுதிய ‘தூர்’ என்கிற கவிதையை எழுத்தாளர் சுஜாதா மேடையில் வாசித்துப் பாராட்டினார், பெயர் வெளியே தெரிந்தது. 2000-ல் சீமான் இயக்கிய ‘வீரநடை’ படத்தில் முதல் பாட்டு. அதற்குப் பிறகு பதினாறே வருடம்.

இவர் பாட்டு எளிமையாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது சும்மா வந்துவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன். சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். இசையமைப்பாளர் தனனா தானனா என்று பாடிக் காட்டுவார், டைரக்டர் சூழ்நிலையைச் சொல்வார், அந்தத் தனனாவுக்குள் சொல்லை உட்கார வைக்க வேண்டும். மெட்டு இழுக்கிற இடத்தில் நெடில் வேண்டும், அங்கே க், ட், ப் மாதிரி வல்லின ஒற்றெழுத்தைக் கொண்டுபோய் வைத்தால் பாடுகிறவர் குரல் இடறும். குறில், நெடில், ஒற்று, அசை என்று நாங்கள் வகுப்பில் போர்டில் எழுதிப் போட்டு மாணவர்களைத் தூங்க வைக்கிறோமே, அதே சங்கதி.

நான் யாப்பிலக்கணம், அதாவது செய்யுளின் ஓசைக் கணக்கு, நடத்தும்போது ‘சைவம்’ படத்துப் பாட்டின் முதல் வரியை எழுதிப் போடுவேன். அழகே அழகே எதுவும் அழகே. ஒவ்வொரு சொல்லும் இங்கே ஒரு சீர், சீரை வெட்டினால் வருகிற ஓசைத் துண்டு அசை. ஒற்றைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஓரெழுத்துத் துண்டு நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்துத் துண்டு நிரை. ‘அழ’ இரண்டு குறில் சேர்ந்து நிரை, ‘கே’ நேர், நிரை நேர் என்று வரும் சீருக்குப் புளிமா என்று பெயர். ‘எதுவும்’ அதுவும் புளிமா. நான்கு சீரும் புளிமா! டெஸ்க்கில் தட்டிப் பார்த்தால் ஒரு குழந்தை குதித்துக் குதித்து ஓடுகிற மாதிரி இருக்கும். பாடியதும் குழந்தைதான், உத்ரா உன்னிகிருஷ்ணன். அந்தப் பாட்டுக்கு இவருக்கும் தேசிய விருது, அந்தச் சிறுமிக்கும் தேசிய விருது.

அதற்கு முந்தைய வருடம் ‘தங்க மீன்கள்’ படத்தில் ‘ஆனந்த யாழை’ பாட்டுக்கு முதல் தேசிய விருது. அந்த வரியை அலகிட்டு, அதாவது அசை அசையாகப் பிரித்துப் பாருங்கள். ‘ஆனந்த’ நேர் நேர் நேர், அது தேமாங்காய். ‘யாழை’ நேர் நேர், தேமா. ‘மீட்டுகிறாய்’ நேர் நிரை நேர், கூவிளங்காய். ஒவ்வொரு சீரும் நேரசையில் தொடங்குகிறது, அதிலும் ஆ, யா, மீ என்று மூன்றுமே நெடில். இங்கே ஓட்டம் கிடையாது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடக்கிற அப்பாவின் நடை. ‘மகளுக்குத் தந்தை எழுதிய பாட்டு’ என்று நாம் உருகுகிறோம், உருக வேண்டியதுதான், ஆனால் அந்த உருக்கத்தில் பாதியை நெடில் எழுத்துகள் செய்திருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

‘வெயில்’ படத்தில் ‘வெயிலோடு விளையாடி’ என்று ஒரு பாட்டு. வெயிலோடு, விளையாடி, இரண்டும் நிரை நேர் நேர், அதாவது புளிமாங்காய். அப்படியே அழகாகப் போய்க்கொண்டிருக்கும்போது ‘மல்லுக்கட்டி’ என்று ஒரு தெருச் சொல்லைக் கொண்டுவந்து போடுவார் பாருங்கள், அங்கேதான் புழுதி பறக்கும். வேறு ஏதாவது நல்ல தமிழ்ச் சொல்லை அங்கே வைத்துப் பாடிப் பார்த்திருக்கிறேன், ஒன்றுமே நிற்கவில்லை.

விகடனில் அவர் எழுதிய ‘அணிலாடும் முன்றில்’ தொடரையும் சொல்லாமல் விட முடியாது. அம்மா, அப்பா, ஆயா, தாய்மாமன் என்று உறவுகளைப் பற்றியது. தலைப்பு குறுந்தொகை 41-ஆம் பாட்டிலிருந்து வந்தது. ஊரார் எல்லாம் போய்விட்ட வீட்டு முற்றத்தில் அணில் மட்டும் விளையாடுகிறது, தலைவன் பக்கத்தில் இல்லாதபோது என் மனசு அந்தப் பாழ்வீடு போல இருக்கிறது என்று தலைவி சொல்கிறாள். அந்த ஒரு உவமையால்தான் பாடிய புலவருக்கே அணிலாடு முன்றிலார் என்று பெயர். உறவுகளைப் பற்றி எழுத வந்தவர் ஆளில்லாத வீட்டைத் தலைப்பாக வைத்தார் என்பது, சிறு வயதில் அம்மாவை இழந்தவர் என்று தெரிந்த பிறகு, எனக்கு வேறு மாதிரி படுகிறது.

2016 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், அவர் இறந்துவிட்டார் என்று டிவியில் கீழே ஓடுகிற எழுத்தில் பார்த்தேன். வயது 41. கிரைண்டரை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை, மாவு கூழாகிவிட்டது. மறுநாள் பள்ளியில் கொடியேற்றம். மைக்செட் அண்ணன் வழக்கமாக ஆறரை மணிக்கே தேசபக்திப் பாட்டைப் போட்டுவிடுவார், அன்றைக்கு ‘ஆனந்த யாழை’ போட்டுக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை வந்தார், ஒன்றும் சொல்லவில்லை, பாட்டு முடிகிற வரைக்கும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்.

இப்போது நிலையத்தார் ‘அழகே அழகே’ பாட்டைப் போடப் போகிறார்கள். பக்கத்தில் மேஜையோ பலகையோ இருந்தால் முதல் வரிக்கு மட்டும் விரலால் தட்டுங்கள், பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் தட்டச் சொல்லுங்கள். நிரை நேர், நிரை நேர், நிரை நேர், நிரை நேர். வணக்கம்.