அலமாரியில் கிடந்த ஹாசல்பிளாடை வாங்கலாமா?

அடுத்த கேள்வி. ‘ஹாசல்பிளாட் 500 சி/எம் என்ற பழைய ஃபிலிம் கேமரா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. பல ஆண்டுகளாக அலமாரியை விட்டே எடுக்கவில்லை என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?’ என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்த அலமாரிதான் எனக்கு உறுத்துகிறது. 1970-இல் வந்த மாடல் இது. பேட்டரி கிடையாது, எல்லாமே ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். ஓடாமல் கிடந்தால் உள்ளேயிருக்கும் எண்ணெய் பிசுபிசுத்துப்போகும். மூலைகளில் சாயம் தேய்ந்த கேமராவை யாரோ வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுவே மேல்.

இதன் ஷட்டர் லென்சுக்குள் இருக்கிறது. அதனால் லென்சிலிருந்து தொடங்குங்கள். ஃபிலிம் இருக்கும் பின்பெட்டியான மகசீனைக் கழற்றுங்கள், வெளிச்சத்தை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடு செருகியிருந்தால்தான் அது கழலும். வேகத்தை ஒரு நொடியில் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். ஷட்டர் மூடும் சத்தம் கேட்கும்வரை விரலை எடுக்காதீர்கள். எடுத்தால் கேமராவின் பின்பக்கத்திலுள்ள இரண்டு கதவுகளும் முந்திக்கொண்டு மூடிவிடும். பழி லென்சின் மேல் விழும். ஷட்டர் இழுத்தாலோ நடுவில் திணறினாலோ சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். படமெடுத்த பிறகு வியூஃபைண்டர் இருண்டே கிடக்கிறதே என்று பதற வேண்டாம். பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுற்றினால்தான் வியூஃபைண்டருக்குக் காட்சியை அனுப்பும் கண்ணாடி கீழே இறங்கும்.

பிறகு லென்சைத் திறந்து வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். தூசு இருந்தால் போகட்டும். பூஞ்சையோ பனிமூட்டம் போன்ற படலமோ தெரிந்தால் யோசியுங்கள். பழைய ‘சி’ வரிசை லென்சில் உள்ள காம்பூர் ஷட்டருக்கு உதிரிபாகம் கிடைப்பது கடினம். 1982-இல் வந்த ‘சிஎஃப்’ வரிசை கிடைத்தால், கூடுதல் விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மகசீனைப் பலர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் கூட்டில் உள்ள எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் உள்ளே செருகும் பகுதியிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மகசீன்களைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அதற்காக உடனே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு 120 ஃபிலிம் ரோல் ஓட்டிப் பாருங்கள். 12 படங்களுக்கும் நடுவே இடைவெளி சீராக இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிந்த கோடு விழுகிறதா என்று நெகட்டிவே காட்டிக்கொடுக்கும். கசிவு பெரும்பாலும் டார்க் ஸ்லைடு நுழையும் இடத்து அடைப்பால் வருவது, எளிதில் மாற்றிவிடலாம். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பல்சக்கரக் கோளாறு. அது மெக்கானிக்கின் வேலை.

மகசீனில் ‘ஏ24’ என்று இருந்தால் அது 220 ஃபிலிமுக்கானது. அந்த ஃபிலிம் இப்போது அரிது. 120 ஃபிலிமுக்கான ‘ஏ12’ கேட்டு வாங்குங்கள்.