பாஸ் ஒரு பெண்ணா இருந்தா மட்டும் 'டோன்' ஏன் பிரச்சனை ஆகுது?

[கருப்புத் திரை, குரல் மட்டும்]

ரெண்டு லைன் படிக்கறேன், கேளுங்க.

"கறாரானவர், முடிவு எடுக்கத் தயங்க மாட்டார், வேலை வாங்கத் தெரிந்தவர்."

அடுத்தது. "கொஞ்சம் ரஃப்பா பேசறாங்க, யாரையும் கலந்துக்காம முடிவு எடுக்கறாங்க, டீமுக்கு கஷ்டமா இருக்கு."

ஒரே ஆபீஸ், ஒரே லெவல்ல ரெண்டு டீம் லீடு, ஒரே வருஷ அப்ரைசல். முதல் லைன் பக்கத்து டீம் லீடுக்கு, ரெண்டாவது எனக்கு. எப்படி தெரியும்னா அவரே தான் அவரோட ஃபார்மை காட்டினார், என்னோடதைப் பார்த்துட்டு "என்னங்க இது, நான் தான உங்களை விட அதிகமா கத்துவேன்"னு சொன்னார். உண்மை தான், அந்த மனுஷன் கத்தினா லிஃப்ட் வரைக்கும் கேக்கும்.

[திரையில் முகம்]

வணக்கம். அதிகாரத்துல இருக்கற பெண்களுக்கு நடக்கற பாரபட்சம் எங்க ஒளிஞ்சிருக்கு, அதை எப்படி கையும் களவுமா பிடிக்கறதுன்னு தான் இன்னைக்கு பேசப் போறேன். நம்ம ஊக்கமூட்டும் பேச்சு எல்லாம் இதுல கிடையாது, "தலை நிமிர்ந்து நட பெண்ணே" டைப் தேடி வந்தவங்க மன்னிச்சிடுங்க.

ஒரு காலத்துல இது ஒளியவே இல்ல, ரூல் புக்லயே இருந்துச்சு. சி.பி.முத்தம்மா, 1949ல இந்திய வெளியுறவுப் பணியில சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியோட விதியில என்ன இருந்துச்சு தெரியுமா, பெண் அதிகாரி கல்யாணம் பண்ணணும்னா அரசாங்கத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும், பண்ணின அப்புறம் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சலா இருக்குன்னு அரசாங்கம் நினைச்சா ராஜினாமா பண்ணச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இப்படி எதுவும் இல்ல. இத்தனை வருஷம் வேலை பார்த்த பிறகு மேல் கிரேடு பதவி உயர்வு கிடைக்கலன்னு அவங்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. கேஸ் நடக்கும்போதே பதவி உயர்வு கொடுத்துட்டாங்க, சரி கொடுத்தாச்சே, கிளம்புங்கன்னு முடிச்சிருக்கலாம், ஆனா 1979ல நீதிபதி கிருஷ்ணய்யர் விடல. வீட்டுப் பொறுப்பு பெண்ணுக்கு இடைஞ்சல்னா ஆணுக்கும் அதே இடைஞ்சல் வரலாமேன்னு கேட்டு, எல்லா பணி விதிகளையும் எடுத்துப் பார்த்து பாலினப் பாகுபாட்டை நீக்குங்கன்னு அரசாங்கத்துக்கு சொல்லிட்டு தான் கேஸை முடிச்சார்.

அந்த மாதிரி ரூல் இருந்தா ஒரு வசதி, விரலை வெச்சு காட்டலாம், இந்தா பாரு இந்த லைன்னு. இப்ப அந்த லைன் எல்லாம் போயாச்சு. அப்ப பாரபட்சமும் போயிடுச்சான்னா, இல்ல, அது ரூல்ல இருந்து கிளம்பி அபிப்பிராயத்துக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. "டோன் சரியில்ல." "அணுகறது கஷ்டம்." "ரொம்ப எமோஷனல்." தமிழ்ல இதுக்குன்னே ஒரு அகராதி வெச்சிருக்கோம் இல்ல, ஆம்பளை சத்தம் போட்டா கண்டிப்பு, பொம்பளை சத்தம் போட்டா ராங்கி, அவர் பேசாம இருந்தா ஆழமானவர், அவ பேசாம இருந்தா திமிர்.

[திரையில்: 1989]

இந்த இடத்துல ஒரு கேஸை கொஞ்சம் நிதானமா பார்க்கணும், இதுல தான் மொத்த விஷயமும் இருக்கு. ஆன் ஹாப்கின்ஸ், அமெரிக்காவுல பிரைஸ் வாட்டர்ஹவுஸ்னு பெரிய அக்கவுண்டிங் நிறுவனத்துல வேலை பார்த்தவங்க. 1982ல அவங்க பேரை பார்ட்னர் பதவிக்கு முன்மொழிஞ்சாங்க. அந்த வருஷம் மொத்தம் 88 பேர் லிஸ்ட்ல, அதுல பெண் இவங்க ஒருத்தர் மட்டும். ஏற்கனவே இருந்த பார்ட்னர்கள் 662 பேர், அதுல பெண்கள் 7. இவங்க சாதாரண ஆளும் இல்ல, ரெண்டு வருஷம் உழைச்சு அமெரிக்க வெளியுறவுத்துறைகிட்ட இருந்து 2.5 கோடி டாலர் ப்ராஜெக்ட்டை கொண்டு வந்தவங்க, லிஸ்ட்ல இருந்த வேற யாருக்கும் இந்த மாதிரி ரெக்கார்டு இல்லன்னு பிற்பாடு கோர்ட்டே சொல்லிச்சு.

ஆனா பதவி கிடைக்கல, "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு நிறுத்தி வெச்சாங்க. அந்த நிறுவனத்துல ஒரு பழக்கம், வேட்பாளர் பத்தி பார்ட்னர்கள் எல்லாம் ஃபார்ம்ல எழுதிக் கொடுக்கணும். அதுல ஒருத்தர் 'மாச்சோ', அதாவது ஆம்பளைத்தனமா இருக்காங்கன்னு எழுதியிருக்கார், இன்னொருத்தர் பெண்ணா இருக்கறதை ஈடுகட்ட ரொம்ப ஓவரா போறாங்கங்கறார், வேற ஒருத்தர் நளினம் சொல்லிக் கொடுக்கற ஸ்கூல்ல ஒரு கோர்ஸ் படிக்கட்டும்னு எழுதியிருக்கார். கடைசியா, ஏன் நிறுத்தி வெச்சாங்கன்னு விளக்க வேண்டிய பார்ட்னர், இவங்களுக்கு ஆதரவா இருந்தவர் தான், நல்லதுன்னு நினைச்சு கொடுத்த அட்வைஸ்: இன்னும் பெண்மையா நடங்க, பெண்மையா பேசுங்க, பெண்மையா டிரஸ் பண்ணுங்க, மேக்கப் போடுங்க, முடியை ஸ்டைல் பண்ணுங்க, நகை போடுங்க. கோடிக்கணக்குல பிசினஸ் கொண்டு வந்த ஆளுக்கு!

அவங்க கேஸ் போட்டாங்க. ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன், ஆன் ஹாப்கின்ஸ் ஒண்ணும் தேன் மாதிரி பேசற ஆள் இல்ல, ஸ்டாஃப் கிட்ட கடுமையா நடந்துப்பாங்கன்னு அவங்களை ஆதரிச்சவங்களே ஒத்துக்கிட்டாங்க. இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா நாம எப்பவும் பாதிக்கப்பட்ட பெண் தங்கமான பொண்ணா இருந்தா தான் இரக்கப்படறோம். 1989 மே மாசம் தீர்ப்பு சொன்ன அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவங்க தங்கமான்னு பார்க்கல. அடிச்சுப் பேசற குணம் தேவைப்படற வேலையைக் கொடுத்துட்டு, அதே குணம் பெண்ணுகிட்ட இருந்தா குத்தம்னு சொன்னா, அவ அப்படி இருந்தாலும் வேலை போகும், இல்லாட்டியும் போகும், இந்தப் பொறி சட்டப்படி செல்லாதுன்னு நீதிபதி பிரென்னன் எழுதினார். கேஸ் கீழ்க் கோர்ட்டுக்குத் திரும்பிப் போய், 1990ல அவங்களை பார்ட்னர் ஆக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு, கேஸ் போட்ட அதே நிறுவனத்துக்கே அவங்க பார்ட்னரா திரும்பிப் போய் 2002ல ரிட்டயர் ஆகற வரைக்கும் வேலை பார்த்தாங்க. எனக்கா இருந்தா அந்த வாசல் படியை மிதிச்சிருப்பேனான்னு தெரியல.

இப்ப யோசிங்க, அவங்க எப்படி ஜெயிச்சாங்க? அந்த பார்ட்னர்கள் எல்லாம் மனசுக்குள்ள மட்டும் நினைச்சிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எழுதினாங்க. அந்த ஃபார்ம் தான் மாட்டி விட்டுச்சு.

[திரையில்: 2020]

நம்ம நாட்டு ராணுவ கேஸ்லயும் கிட்டத்தட்ட இதே கதை. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி, தலைமைப் பொறுப்பு பத்தின கேஸ்ல மத்திய அரசு எழுத்துல ஒரு வாதம் வெச்சாங்க, படையில இருக்கறவங்க பெரும்பாலும் கிராமத்துப் பின்னணி, ஒரு பெண் அதிகாரியோட கட்டளையை ஏத்துக்கற மனநிலைக்கு அவங்க இன்னும் வரலன்னு. இதையே நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, "எனக்கு ஒண்ணும் இல்லமா, டீம் ஒத்துக்காது." பாரபட்சம் பார்க்கறவர் எப்பவும் வேற யாராவதா தான் இருப்பார், கவனிச்சிருக்கீங்களா, கிளையண்ட் ஒத்துக்க மாட்டார், டிரைவர் ஒத்துக்க மாட்டார், சொல்றவர் மட்டும் பாவம் ரொம்ப முற்போக்கு. 2020 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தை தூக்கிப் போட்டுது. அது செஞ்ச இன்னொரு வேலை தான் எனக்குப் பிடிச்சது, பெண் அதிகாரிகள் ஏற்கனவே என்னென்ன செஞ்சிருக்காங்கன்னு பேரோட பட்டியல் போட்டுது. அதுல 2016ல பல நாட்டு ராணுவப் பயிற்சியில இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கின சோபியா குரேஷி பேரும் இருந்துச்சு, ஆமா, 2025 மே மாசம் டிவியில பிரஸ் மீட்ல பார்த்தோமே, அவங்களே தான்.

சரி, எழுதாத பாரபட்சத்தை என்ன பண்றது? உதாரணத்துக்கு பேச்சை நடுவுல வெட்டறது. இதை யாரும் ஃபார்ம்ல எழுத மாட்டாங்க. அப்ப நாம எண்ணணும்.

2017ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட வாதங்களை எடுத்து யார் பேச்சை யார் வெட்டறாங்கன்னு உக்காந்து எண்ணினாங்க. 2015 கோர்ட் வருஷத்துல பெண் நீதிபதிகள் 3 பேர் தான், ஆனா நீதிபதிகள் பேச்சு வெட்டுப்பட்டதுல சுமார் 66 சதவீதம் இவங்க பேச்சு! நாட்டோட உச்சபட்ச நாற்காலியில உக்காந்திருக்கற பெண்ணுக்கே இந்த நிலைமைன்னா திங்கக்கிழமை காலை மீட்டிங்ல நமக்கு என்ன நடக்கும். அவங்களே இதை சமாளிக்க ஒரு வழி கத்துக்கிட்டாங்களாம், புதுசுல "மன்னிக்கணும்", "ஒண்ணு கேட்கலாமா"ன்னு எல்லாம் ஆரம்பிச்சவங்க, வருஷம் ஆக ஆக அந்த முன்னுரையை விட்டுட்டு நேரா கேள்விக்கு வந்துட்டாங்க, ஏன்னா அந்த "ஒண்ணு கேட்கலாமா" இடைவெளியில தான் அடுத்தவர் உள்ள புகுந்துடறார். 2021ல கோர்ட்ல கேள்வி கேக்கற முறையவே கொஞ்சம் மாத்தினாங்க, வழக்கமான வாதம் முடிஞ்சதும் சீனியாரிட்டிபடி ஒவ்வொரு நீதிபதிக்கும் தனியா நேரம். அதுக்கு இந்த மாதிரி ஆய்வுகளும் ஒரு காரணம்னு நீதிபதி சோனியா சோட்டோமயோரே சொன்னாங்க. எண்ணினதுக்குக் கிடைச்ச பலன்.

நான் என்ன பண்ணினேன்னா, நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு சின்ன கட்டம். ஒவ்வொரு தடவை என் பேச்சு வெட்டுப்படும்போதும் ஒரு கோடு, நாலு கோட்டுக்கு குறுக்க அஞ்சாவது கோடு. மூணு வாரம் யாருகிட்டயும் சொல்லல. அப்புறம் ஒரு நாள் மேனேஜர்கிட்ட "என்னை பேச விடறதில்ல சார்"னு புலம்பாம "சார், போன நாலு மீட்டிங்ல நான் ஆரம்பிச்ச பேச்சு 17 தடவை பாதியில நின்னுடுச்சு, தேதி இங்க இருக்கு"ன்னு பக்கத்தைக் காட்டினேன். மனுஷன் முதல்ல சிரிச்சார், அப்புறம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடனே எல்லாம் மாறிடல, ஆனா அடுத்த மீட்டிங்ல "அவங்க முடிக்கட்டும்"னு ஒரு குரல் வந்துச்சு, அது அவரோடது.

இன்னொரு வழி தனியா பண்ண முடியாது, கூட்டாளி வேணும். ஒபாமா ஆட்சியில வெள்ளை மாளிகையில வேலை பார்த்த பெண்கள் தங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு வெச்சிருந்தாங்க, ஒருத்தர் ஒரு யோசனை சொன்னா இன்னொருத்தர் உடனே அதையே திருப்பிச் சொல்லி, சொன்னவங்க பேரையும் சேர்த்து சொல்லணும். பத்து நிமிஷம் கழிச்சு வேற யாராவது அதே யோசனையை தன்னோடதா சொல்ல முடியாது பாருங்க. இது ஆம்பளைங்களும் பண்ணலாம், செலவே இல்ல.

ஜூலியா கில்லார்ட் ஆஸ்திரேலியப் பிரதமரா இருந்தப்போ, 2012 அக்டோபர் 9ல பாராளுமன்றத்துல எதிர்க்கட்சித் தலைவரைப் பார்த்துப் பேசின பேச்சை நிறைய பேர் பார்த்திருப்பீங்க, ஆணாதிக்கம் பத்தி இந்த மனுஷன்கிட்ட நான் பாடம் கேக்க மாட்டேன்னு. எல்லாரும் அந்தக் கோபத்தைத் தான் பாராட்டறாங்க. நான் சொல்றது, மறுபடி பாருங்க, அந்த மனுஷனே முன்னாடி சொன்ன வார்த்தைகளை ஒவ்வொண்ணா எடுத்து வாசிக்கறாங்க. கோபம் இருந்துச்சு, கூடவே ஃபைலும் இருந்துச்சு.

அதனால உங்க ரிவ்யூல "டோன்"னு ஒரு வார்த்தை வந்தா அழ வேண்டாம், சண்டையும் வேண்டாம், ஒரே கேள்வி மெயில்ல அனுப்புங்க: "எந்த மீட்டிங், எந்த தேதி, நான் என்ன சொன்னேன், அதனால எந்த வேலை கெட்டுச்சு?" நான் அனுப்பினேன். பதிலே வரல. பதினஞ்சு நாள் கழிச்சு ஃபார்ம்ல அந்த லைன் மட்டும் காணோம், ரேட்டிங் அப்படியே தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும் இல்ல.

[சின்ன இடைவெளி]

ஒண்ணு சொல்லாம முடிக்க மனசு வரல. ஆண்களோட வேலைன்னு நினைக்கற வேலையில ஜெயிச்ச பெண்ணை, ஜெயிச்ச ஆணை விட குறைவா பிடிக்குதுன்னு மேடலின் ஹெயில்மன்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் 2004ல வெளியிட்ட ஆய்வுல வந்துச்சு, அப்படி மார்க் போட்டவங்கள்ல பெண்களும் உண்டு. இதைப் படிச்சுட்டு போன வருஷம் நான் என் டீமுக்கு எழுதின ரிவ்யூ எல்லாத்தையும் திறந்து பார்த்தேன். ஒரு பொண்ணு, நல்லா வேலை பாக்கற பொண்ணு, அவளுக்கு நான் எழுதியிருக்கேன், "சில சமயம் ஷார்ப்பா ரியாக்ட் பண்றாங்க." எந்த தேதின்னு என்னையே கேட்டுப் பார்த்தேன். இருபது நிமிஷம் பழைய மெயில், சாட் எல்லாம் தேடினேன். ஒண்ணும் கிடைக்கல.