ஜூன் மாதத்தின் முதல் பத்து நாள்: "பழக்கமே" அணியின் வாதம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

"தொடக்கப்பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரத்துக்கு உரியது பாடமா, பழக்கமா?" என்பது தலைப்பு. பழக்கமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். முப்பருவ முறையில் முதல் பருவம் ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். அதில் பத்து நாளை வரிசையில் நிற்கவும் கை கழுவவும் கொடுத்துவிட்டால் புத்தகத்தை எப்போது முடிப்பது என்றார். நியாயமான கவலை. என் பதிலும் கணக்காகவே வரும், சற்றுப் பொறுங்கள். எந்த வகுப்பறையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்ப்போம்.

அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஐந்து வகுப்புகள், இரண்டே பேர். 2022இல் அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று, கீழ்நிலையிலிருந்து மேலாக, நிலைவாரியாகப் படிக்கிறார்கள். ஆசிரியர் அரும்புக் குழுவோடு உட்கார்ந்து எழுத்துச் சொல்லித்தரும் கால்மணி நேரம், மற்ற இரு குழுக்களும் தாமாக வேலை செய்தாக வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் செய்யவே செய்யாது. இரண்டாவது நிமிடம் ஒருவன் "மிஸ், பென்சில் ஒடிஞ்சிருச்சு" என்று வந்து நிற்பான், அவன் பின்னால் நான்கு பேர்.

தனியாக வேலை செய்வதும் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றுதான். முதல் நாள் மூன்றே நிமிடம், எல்லோருக்கும் தெரிந்த வேலை: படத்துக்கு வண்ணம் தீட்டுவது. ஆசிரியர் நடந்தபடி பார்ப்பார், யாருக்கும் உதவ மாட்டார். நேரம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் ஐந்து, பிறகு எட்டு, பன்னிரண்டு என்று ஏற்றினால் பத்தாம் நாள் பதினைந்து வந்துவிடும். சந்தேகம் வந்தால் பக்கத்துப் பிள்ளை, அடுத்துக் குழுத்தலைவர், அதன் பிறகே ஆசிரியர். பென்சிலுக்கு இரண்டு டப்பா: சீவியவை ஒன்றில், மழுங்கியவை மற்றொன்றில். பிள்ளை மாற்றி எடுத்துக்கொண்டு போகும். சீவுவது பள்ளி விட்ட பிறகு. இது பல இடங்களில் கெடுவதற்குக் காரணம், ஐந்து நிமிடம் நன்றாகப் போனதும் ஆசை வந்து மறுநாளே இருபது நிமிடம் கொடுத்துவிடுவது. குழு கலைந்துவிடும், மறுபடி மூன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்து, யாரும் மேடையில் பேசத் தயங்கும் விஷயம், கழிப்பறை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உடையை நனைத்துக்கொள்வது பெரும்பாலும் அடக்கத் தெரியாததால் அல்ல. எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது, தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்று தெரியாது. இருட்டைக் கண்டு பயமும் உண்டு. ஆகவே முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே ஐந்தைந்து பேராக அழைத்துப் போங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் தாழ்ப்பாளைப் போட்டுத் திறக்கட்டும், மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றட்டும், சோப்புப் போட்டுக் கழுவட்டும். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே ஐந்து வயதுக் கைக்கு அந்தத் தாழ்ப்பாள் எட்டுகிறதா, குழாய் திருகுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மாற்று உடை இரண்டு செட் அலமாரியில் இருக்கட்டும். வயிற்றை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதில் "அம்மா, ஆடு" ஏறாது, நடுவர் அவர்களே.

பெயருக்கு வருவோம். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைக் கூப்பிட்டால் சில பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டில் அவர்களுக்குப் பாப்பா, தம்பி, குட்டி என்றுதான் பெயர். சேர்க்கையின்போதே தாயிடம் வீட்டுப் பெயரைக் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டு, முதல் வாரம் இரண்டையும் சேர்த்துக் கூப்பிடலாம். ஆளுக்கொரு பெயர் அட்டை எழுதி, காலையில் வந்ததும் அதைத் தேடி எடுத்து "வந்துவிட்டேன்" பலகையில் மாட்டச் சொன்னால் வருகைப் பதிவும் முடிகிறது, பிள்ளை வாசிக்கும் முதல் சொல்லும் அமைந்துவிடுகிறது. பழக்கத்துக்குள் பாடம் இல்லை என்று எதிரணி எப்படிச் சொல்கிறது?

பழக்கம் என்றால் அதட்டல் என்று ஒருவர் சொன்னார். கடுமையாக மறுக்கிறேன். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பயத்தில் அமைதியாக இருக்கும் வகுப்பு, ஆசிரியர் வெளியே போனதும் கலைந்துவிடும். கற்றுத்தரும் முறை எளிது: ஆசிரியர் செய்துகாட்டுவார், ஒரு பிள்ளை செய்துகாட்டும், பிறகு எல்லோரும். ஒரு நாளைக்கு இரண்டு பழக்கத்துக்கு மேல் வேண்டாம். எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்குப் பத்து விதிகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டுவதால் பயனில்லை. அமைதிக்குக் கைதட்டல் என்று வைத்தால், கடைசிப் பிள்ளை அடங்கும்வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. பாதிப் பேர் பேசும்போதே தொடங்கிவிட்டால், கைதட்டலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம்.

எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் அடிப்படை மதிப்பீட்டை முதல் நாளே நடத்திவிடலாம் என்பதும் எதிரணியின் வாதம். புது முகத்தின் முன்னால் வாயே திறக்காத பிள்ளை, எழுத்துத் தெரிந்திருந்தும் அரும்பில் போய் உட்காரும். தனித்தனியே ஆறு நிமிடம் என்றால் முப்பது பிள்ளைகளுக்கு 180 நிமிடம். இரண்டாம் வாரத்தில் நாளுக்கு ஆறு பேராக ஐந்து நாளில் முடியும். அந்த 36 நிமிடமும் மற்ற 24 பேர் தாமாக வேலை செய்ய வேண்டும். முதல் வாரம் பழக்கியிருந்தால்தான் அது நடக்கும்.

இப்போது கணக்கு. தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் சொல்லும் அளவு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி. காலை உணவு, இடைவேளை, மதிய உணவு, பாடம் மாறுவது என்று ஒரு நாளில் பத்து முறையாவது வகுப்பு இடமோ வேலையோ மாறுகிறது. பழகாத வகுப்புக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம், பழகியதற்கு இரண்டு என்று வையுங்கள். நாளுக்கு 30 நிமிடம் மிச்சம். முதல் பத்து நாளைக் கழித்தாலும் 95 மணி நேரம். நாங்கள் கேட்பது நாளுக்கு ஒன்றரை மணி வீதம் பத்து நாள், 15 மணி நேரம். மீதி நேரம் கதை, பாட்டு, எண்ணுதல் எல்லாம் நடக்கட்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் பத்து நாள் தேவையில்லை, மூன்று போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலாண்டு, அரையாண்டு விடுமுறைக்குப் பின் எல்லா வகுப்புக்கும் ஒரு நாள் மறுபயிற்சி வேண்டும்.

நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாசலில் விட்டுப் போகும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். மறுநாள் பிடி இன்னும் இறுகும். "மணி அடிச்சதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு நில்லாமல் போங்கள், ஜன்னலோரமும் நிற்க வேண்டாம். மாலையில் என்ன எழுதினாய் என்பதற்குப் பதில், இன்று நீயாக என்ன செய்தாய் என்று கேளுங்கள்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.