சங்கிலிக்கு மிதவை கட்டின நாள் | ஃபகராவா அடோல், பாய்மரப் படகு வாழ்க்கை

வணக்கம் மக்களே. காலையில மணி ஆறேகால். பின்னாடி ஒரு இரைச்சல் கேக்குதா? அது காத்து இல்ல. அந்தத் தென்னை மரங்களுக்கு அந்தப் பக்கம், பவளப்பாறை மேல பசிபிக் கடலோட அலை வந்து உடையுது. ராத்திரி பகல்னு அது ஓயவே ஓயாது. இந்தப் பக்கம் பாருங்க, தண்ணி தாம்பாளத்துல ஊத்தி வச்ச மாதிரி கிடக்கு.

நாம இப்ப இருக்கிறது ஃபகராவா. இது ஒரு அடோல், அதாவது வளையம் மாதிரி இருக்கிற பவளத் தீவு. வளையத்துக்கு நடுவுல இருக்கிற கடல்தண்ணிக்குப் பேர் லகூன். பிரெஞ்சு பாலினேசியாவுல துவாமோட்டு தீவுக்கூட்டம். ஃபகராவாவோட தென்கிழக்கு மூலையில ஹிரிஃபான்னு ஒரு இடம். மார்க்கெசாஸ் தீவுகள்ல இருந்து ஏறக்குறைய 500 கடல் மைல் ஓட்டி வந்தேன். வந்து பன்னெண்டு நாள் ஆச்சு.

நிறைய பேர் கேக்குறீங்க, நாள் முழுக்க பாய் விரிச்சு ஓட்டிக்கிட்டே இருப்பீங்களான்னு. இல்லங்க. மாசத்துல ஆறு ஏழு நாள் ஓட்டினா அதிகம். மீதி நாளெல்லாம் நங்கூரத்துலதான். காலையில எழுந்ததும் முதல் வேலை அது எப்படி இருக்குன்னு பாக்குறது, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி கடைசி வேலையும் அதுதான். சமைக்கிறதா, கரைக்குப் போறதா, தூங்குறதா, எல்லாத்தையும் அதைக் கேட்டுட்டுதான் செய்யணும். இன்னைக்கு வீடியோ முழுக்க அதைப் பத்திதான். ஏன்னா மூணு நாள் முன்னாடி ஒரு ராத்திரி நடந்தது இன்னும் என் உடம்பை விட்டுப் போகல.

அதுக்கு முன்னாடி இந்த இடத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். இருங்க, கேமராவைத் திருப்புறேன். சுத்தி என்ன தெரியுது? நம்ம பின்னாடி ஒரு மெல்லிசு பச்சைக் கோடு, தென்னை மரம். மத்த பக்கமெல்லாம் தண்ணி. அந்தப் பச்சைக் கோடு கடல் மட்டத்துல இருந்து ரெண்டு மூணு மீட்டர்தான் உயரம். வெளிக்கடல்ல வரும்போது கரையைப் பாக்க மாட்டீங்க, தென்னங்கீத்தைத்தான் முதல்ல பாப்பீங்க. இந்த வளையம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். ஒரு காலத்துல இங்க ஒரு எரிமலைத் தீவு இருந்துச்சு. அது கோடிக்கணக்கான வருஷமா மெதுவா அமிழ்ந்து போச்சு. அதைச் சுத்தி இருந்த பவளம் மட்டும் அமிழ அமிழ மேல வளர்ந்துக்கிட்டே வந்துச்சு. டார்வின் இதை 1842-ல எழுதுறார். அதை நேர்ல நிரூபிக்க 110 வருஷம் ஆச்சு. 1952-ல மார்ஷல் தீவுகள்ல எனிவெட்டோக் அடோல்ல துளை போட்டாங்க. 1,200 மீட்டருக்கு மேல சுண்ணாம்பைத் தாண்டித்தான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டுச்சு. என் நங்கூரம் கிடக்கிற மணலுக்குக் கீழ ஒரு மலையே புதைஞ்சு கிடக்குன்னு நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

அந்தப் பவளம் விளிம்புல மட்டும் வளரல, அதுதான் விஷயம். லகூன் உள்ளேயும் அங்கங்க குன்று குன்றா நிக்குது. அடியில 30 மீட்டர் ஆழம் இருக்கும், திடீர்னு ஒரு குன்று தண்ணி மட்டத்துக்கு ஒரு முழம் கீழ வரைக்கும் வந்து நிக்கும். எல்லாம் வரைபடத்துல இருக்காது. அதனால லகூன் உள்ள படகை நகத்துறதுன்னா காலையில பத்து மணிக்கு மேல, சூரியன் உச்சியில இல்லன்னா முதுகுப் பக்கம் இருக்கும்போதுதான். போலராய்டு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிறத்தைப் படிக்கணும். கருநீலம்னா ஆழம். வெளிர் நீலம்னா மணல். பழுப்பு தெரிஞ்சா சுக்கானைத் திருப்பு. சாயங்காலம் சூரியனை எதிர்ல வச்சுக்கிட்டு வந்தீங்கன்னா தண்ணி முழுக்க வெள்ளித் தகடு மாதிரி ஆயிடும், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான். இந்தத் தீவுக்கூட்டத்துக்கே பழைய மாலுமிகள் ஆபத்தான தீவுக்கூட்டம்னு பேர் வச்சிருந்தாங்க. 1947-ல கோன்-டிக்கி கட்டுமரம் 101 நாள் மிதந்து வந்து மோதினதும் இங்க இருக்கிற ராரோயியா பாறையிலதான்.

சரி, அந்த ராத்திரிக்கு வரேன்.

இங்க வழக்கமா தென்கிழக்குக் காத்து. அது பலமா அடிச்சா இங்க இருக்கிறவங்க மாராமுன்னு சொல்லுவாங்க. அந்தக் காத்துக்கு இந்த மூலை நல்ல மறைவு, அதை நம்பித்தான் இங்க நங்கூரம் போட்டேன். ஆழம் 12 மீட்டர். அதுக்கு 55 மீட்டர் சங்கிலி விட்டிருந்தேன். கணக்கு சரி. ஆனா ரெண்டு நாளா காத்து செத்துக் கிடந்துச்சு. காத்து இல்லாதப்போ படகு அதுபாட்டுக்கு இப்படியும் அப்படியும் சுத்தும், சங்கிலியும் அது கூடவே தரையில சுத்தும். படுக்கையில படுத்திருந்தா படகு உடம்பு வழியா கேக்கும், கரகரன்னு, யாரோ அம்மிக்கல்லை இழுக்கிற மாதிரி. சங்கிலி பவளத்துல உரசுற சத்தம் அது. நான் அதைக் கேட்டேன். காலையில பாத்துக்கலாம்னு படுத்துட்டேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன்.

ராத்திரி ரெண்டே முக்காலுக்கு காத்து வந்துச்சு. தென்கிழக்கு இல்ல, வடமேற்கு. அதாவது 50 கிலோமீட்டருக்கு மேல லகூன் மொத்தமும் எங்களுக்கு எதிர்ல திறந்து கிடக்கு. கால் மணி நேரத்துல உள்ளேயே ஒரு மீட்டர் அலை எழும்பிடுச்சு. மறைவா இருந்த கரை இப்ப நமக்குப் பின்னாடி, 200 மீட்டர்ல. காத்துமானி 32 நாட் காட்டுது, அதாவது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகம். மழை நேரா வராம படுக்கையா அடிக்குது.

அப்பதான் முதல் குலுக்கல். படகோட முன்பக்கம், மீனவங்க அணியம்னு சொல்லுவாங்க இல்லையா, அது அலையில ஏறணும்னு பாக்குது. ஏற முடியல. யாரோ கழுத்தைப் பிடிச்சு இழுத்த மாதிரி டமார்னு கீழ போய் நிக்குது. பாத்திரமெல்லாம் அலமாரியில இருந்து விழுது. 55 மீட்டர் விட்டிருக்கேனே, ஏன் இப்படி இழுக்குதுன்னு ஒரு நிமிஷம் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, சங்கிலி ஒரு பவளக் குன்றைச் சுத்திக்கிச்சு. கையில 55 மீட்டர் இருந்த மாதிரி இருந்தாலும், உண்மையில குன்றுல இருந்து படகுக்கு ஒரு 15 மீட்டர்தான் மிச்சம். செங்குத்தா நிக்குது. தளர்வே இல்ல. அதிர்ச்சியை வாங்குறதுக்கு ஸ்னப்பர்னு ஒரு நைலான் கயிறு சங்கிலியில மாட்டியிருப்போம். மூணாவது குலுக்கல்ல அது பட்டுன்னு அறுந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு அலையும் நேரா இரும்புல.

தவழ்ந்துதான் முன்னாடி போனேன். இடுப்புல கயிறு மாட்டிக்கிட்டு. செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, இன்னும் சங்கிலி விடணும். பெட்டியில மிச்சம் 25 மீட்டர். குன்றுல சுத்தினது சுத்தினதாவே இருக்கட்டும், குன்றுக்கும் படகுக்கும் நடுவுல தளர்வு வேணும். விட்டேன். ரெட்டைத் தடிமன்ல புது நைலான் கயிறு கட்டினேன். முடிச்சு போடும்போது விரல் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, சொல்லிடுறேன். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, சுக்கான்கிட்ட உக்காந்து, பெரிய அலை வரும்போதெல்லாம் மெதுவா முன்னாடி தள்ளிக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சு மணி வரைக்கும். அப்புறம் காத்து மேற்கே திரும்பி, தெற்கே போய், ஒண்ணுமே நடக்காத மாதிரி அடங்கிடுச்சு.

காலையில மாஸ்க் போட்டு இறங்கிப் பாத்தேன். மேல மிதந்துக்கிட்டே 12 மீட்டர் அடி வரைக்கும் தெளிவா தெரியுது. ஒரு குன்று, படகு அகலத்துக்கு இருக்கும். சங்கிலி அதை ஒண்ணரைச் சுத்து சுத்தியிருக்கு. அது இறுகின இடத்துல பவளம் வெட்டுப்பட்டு, உள்ள வெள்ளையா, புதுசா உடைச்ச தேங்காய்ப் பத்தை மாதிரி தெரியுது. பக்கத்துல கிளை கிளையா இருந்த பவளம் நொறுங்கிக் கிடக்கு. அதைப் பாத்ததும் ராத்திரி பட்ட பயத்தை விட அதுதான் ரொம்ப வலிச்சுது. பல வருஷம் வளர்ந்தது, நான் சோம்பல்பட்ட ஒரு ராத்திரியில போச்சு. எந்தப் பக்கம் சுத்தியிருக்குன்னு ஒரு பலகையில வரைஞ்சுக்கிட்டு, எதிர்ப் பக்கமா படகை மெதுவா ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமா சங்கிலியை எடுத்து விடுவிச்சேன். ரெண்டு மணி நேரம். இப்ப இடம் மாறி, மணல் அதிகமா இருக்கிற இடத்துல நிக்கிறேன். இங்கயும் குன்று இருக்கு. முழுசா மணல் மட்டும் இருக்கிற இடம் கிடைக்கிறது கஷ்டம்.

அதனால இன்னைக்கு வேலை, மிதவை. வாங்க, டிங்கியில, அதான் கரைக்குப் போற குட்டிப் படகுல, ஏறலாம்.

இதோ கரை. பாத்தீங்களா, டிங்கி கூடவே ஒரு குட்டிச் சுறா வருது. சுறாவோட துடுப்பு நுனியில கருப்பு இருக்கும், முழங்கால் ஆழத்துலயே சுத்தும். கால் வச்சா அதுவே ஓடிடும். இங்க ஒரு பெரியவர் கொப்பரை காய வைக்கிறார். வந்த முதல் நாளே அவர்கிட்ட போய் அனுமதி கேட்டுட்டேன். தீவு ஆளில்லாம கிடக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா ஒவ்வொரு தென்னைக்கும் சொந்தக்காரர் உண்டு. இயா ஓரானான்னு வணக்கம் சொன்னா முகமே மலரும். நேத்து அவர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு கொஞ்சம், மீதி கை ஜாடை. அவர் ஒண்ணும் பேசல. ஒரு நார்க் கயிறை எடுத்து தன் கட்டைவிரல்ல சுத்தி இறுக்கிக் காட்டினார், விரல் சிவந்து போச்சு. அப்புறம் அந்தக் கயிறுக்கு அடியில ரெண்டு இடத்துல தேங்காய் மட்டைத் துண்டைச் சொருகித் தூக்கிப் பிடிச்சார். கயிறு விரலைத் தொடவே இல்ல. அவ்வளவுதான் பாடம்.

கடல் பக்கக் கரைக்கு நடந்து வந்துட்டோம். இங்க கருப்பு முத்துப் பண்ணைகள் உண்டு. அங்க இருந்து அறுந்து வர்ற மிதவைகள் இந்தப் பக்கம் ஒதுங்கும். கருப்பு பிளாஸ்டிக் உருண்டை, பெரிய தர்பூசணி அளவு, ஓரத்துல கயிறு கட்ட ஒரு காது. இதுல ஒண்ணு விரிசல், வேண்டாம். இது நல்லா இருக்கு. அடியில ஒட்டியிருக்கிற சிப்பியைக் கத்தியால சுரண்டணும். மூணு கிடைச்சுது. பெரியவர் ரெண்டு கொடுத்தார். போதும்.

படகுக்கு வந்தாச்சு. மணி பத்தரை, வெளிச்சம் நல்லா இருக்கு. எப்படிக் கட்டுறதுன்னு பாருங்க. நங்கூரத்துல இருந்து முதல் 20 மீட்டர் சங்கிலிக்கு மிதவை போடக் கூடாது. அது மணல்ல படுத்துக் கிடந்தாதான் நங்கூரம் பிடிக்கும். அதுக்கப்புறம் ஆறு ஏழு மீட்டருக்கு ஒரு மிதவை. சங்கிலியை மோட்டார்ல விட்டுக்கிட்டே ஒவ்வொண்ணா கொக்கியில மாட்டணும். கீழ போய்ப் பாத்தா, சங்கிலி தோரணம் கட்டின மாதிரி வளைவு வளைவா தொங்குது, பவளத்துக்கு மேல. காத்து அடங்கி படகு சுத்தினாலும் உரசாது. பலமா காத்து அடிச்சா மிதவை இழுபட்டு நீண்டு, சங்கிலி தன் வேலையைச் செய்யும். இந்த வீடியோவுல நீங்க ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா இந்த இடத்தைப் பாருங்க. அந்த மஞ்சள் மீன்கள் இப்பவே மிதவையைச் சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

மதியம் சாதாரண வேலைதான். சோலார் பேனல்ல நல்ல மின்சாரம் வருது, அதனால கடல்நீரைக் குடிநீராக்குற மெஷினை ஓட்டினேன். கடல்தண்ணியை 55 பார் அழுத்தத்துல ஒரு மெல்லிய தோல் வழியா தள்ளுது, உப்பு அந்தப் பக்கமே நின்னுடுது. பாத்திரம் கடல் தண்ணியிலதான் கழுவுவேன், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணி.

சாப்பாட்டுக்கு மீன் பிடிக்கலையான்னு கேப்பீங்க. லகூன் உள்ள பிடிக்க மாட்டேன். சிகுவாடெரான்னு ஒரு விஷம். செத்த பவளத்து மேல வளர்ற ஒரு நுண்ணுயிர்ல இருந்து வருது. அந்த உயிரோட பேரே இதே பிரெஞ்சு பாலினேசியாவுல இருக்கிற காம்பியே தீவுகளை வச்சு வந்ததுதான். சின்ன மீன் அதைத் தின்னும், பெரிய மீன் சின்னதைத் தின்னும், விஷம் சேந்துக்கிட்டே போகும். ருசி மாறாது, வாசனை வராது, எவ்வளவு வேக வச்சாலும் போகாது. வந்துட்டா பச்சைத் தண்ணியைத் தொட்டாலே சுடுற மாதிரி இருக்குமாம். அந்தந்த இடத்து ஆளுங்களுக்குத்தான் எந்த மீன் எங்க நல்லதுன்னு தெரியும். கேக்காம எதையும் தூண்டில் போடாதீங்க. வெளிக்கடல்ல ஓட்டும்போது பின்னாடி தூண்டில் இழுத்துக்கிட்டு வர்ற மாஹி மாஹி வேற கதை, அதைத் தைரியமா சாப்பிடுவேன்.

நாளைக்குத் தெற்கு முகத்துவாரம், துமாகோஹுவா. எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கிற இடம், சாம்பல் சுறா நூத்துக்கணக்குல நிக்குமே, அது. அங்க எப்ப இறங்கணும்னு தண்ணிதான் சொல்லும். இங்க ஏத்த இறக்கம் அரை மீட்டர் கூட இல்ல. ஆனா வெளி அலை பாறைக்கு மேல ஏறி ஏறி லகூனை நிரப்பிக்கிட்டே இருக்கு, அந்தத் தண்ணி வெளிய போக இருக்கிறது ரெண்டே வாய். அதனால நீரோட்டம் பயங்கரமா இருக்கும். உள்ள வர்ற நீரோட்டத்துல இறங்கினா அது நம்மளை லகூனுக்குள்ள கொண்டுவந்து விட்டுடும். டிங்கி கயிறைக் கையில பிடிச்சுக்கிட்டே மிதந்து வரலாம். வெளிய போற நேரத்துல இறங்கினா, பசிபிக்தான். அதனால ஓட்டம் திரும்புற வரைக்கும் ஓரமா காத்துக்கிட்டு இருப்பேன்.

இப்ப மணி ஏழரை. இருட்டிடுச்சு. காத்து நாலு நாட்தான், படகு சுத்திக்கிட்டு இருக்கு. மூணு நாள் முன்னாடி இதே மாதிரிதான் இருந்துச்சு. இருங்க, மைக்கைப் படுக்கைக்குப் பக்கத்துல, படகு உடம்பு மேலயே வைக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாம இருக்கேன், நீங்களும் கேளுங்க.

...

கேட்டீங்களா? இறால் சொடுக்குற சத்தம் மட்டும்தான், படபடன்னு எண்ணெயில கடுகு பொரியிற மாதிரி. கரகர சத்தம் இல்ல. படகு இடத்தை விட்டு நகர்ந்தா அடிக்கிற ஜிபிஎஸ் அலாரத்துக்கு வட்டம் 40 மீட்டர்னு வச்சிருக்கேன். பாய்மரத்து உச்சி விளக்கைப் போட்டுட்டு, மணி ரெண்டுக்கு ஒரு தடவை எழுந்து காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும். வரேன் மக்களே, நாளைக்குச் சுறாக்கிட்ட பாப்போம்.