கடல் கடைசியில் வரட்டும்

வணக்கம். கொழும்பிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் காலிமுகத்திடலுக்குப் போகாதவர் அநேகமாக இருக்கமாட்டீர்கள். போயிருப்பீர்கள், காற்று வாங்கியிருப்பீர்கள், பிள்ளைகளுக்கு இறால் வடை வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அதே திடலில் தொடங்கி, கோட்டைக்குள் நுழைந்து, துறைமுக மதிலோரமாக வளைந்து, திரும்பவும் அதே திடலில் வந்து முடிகிற ஒரு நடையை எப்படித் திட்டமிடுவது என்று இன்றைக்குச் சொல்லப்போகிறேன். 4 அல்லது 5 கிலோமீற்றர்தான் வரும். ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நின்று பார்த்து, இருந்து எழும்பி நடந்தாலும் இரண்டு மணித்தியாலம் போதும்.

நான் ஏன் சுற்றி வரச் சொல்கிறேன்? வந்த வழியாலேயே திரும்பினால், திரும்பும் பாதி கால் வலிக்கிற பாதியாகத்தான் இருக்கும். பார்த்ததையே பார்க்கவேண்டும். வட்டமாக வந்தால் கடைசி அடி வரைக்கும் கண்ணுக்குப் புதிதாக ஏதாவது இருக்கும். வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எந்தத் துறைமுகத்தைச் சுற்றி நடப்பதானாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பது. அந்தக் கேள்வியை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அம்மா.

அம்மா யாழ்ப்பாணத்துக் காரைநகர். முதன்முதலாகக் கொழும்புக்கு வந்தபோது ஒரு மாலை அவரைத் திடலுக்குக் கூட்டிப்போனேன். கடலுக்கு இறங்கும் படிக்கட்டுக்கு மேலே நின்று கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இஞ்ச கடல் எப்ப வத்தும் பிள்ளை?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் வற்று வந்தால் சேறு தெரியும், கொக்கு வந்து இறங்கும், ஆட்கள் நடந்துபோய் நண்டு பிடிப்பார்கள். கடல் போய்விட்டது என்றே சொல்வோம். இங்கே அம்மா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் படியில் தண்ணீர் நின்றதோ அந்தப் படியிலேயேதான் நின்றது. "இது வேற கடல்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வேறு கடல் இல்லை, நேயர்களே. வேறு கரை. வீட்டில் ஒரு தட்டிலும் ஒரு செம்பிலும் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரு விரல் அளவு தண்ணீரைக் குறையுங்கள். தட்டு காய்ந்துவிடும். செம்பில் குறைந்ததே தெரியாது. யாழ்ப்பாணத்து ஆழமில்லாத பரவைக்கடல் தட்டு. கொழும்புக் கரை செம்பு, சட்டென்று ஆழமாகிவிடும். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் பெரிய நாட்களில்கூட முக்கால் மீற்றர் வராது. குஜராத்தில் பாவ்நகர் துறைமுகத்தில் கடல் 10 மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் அட்டவணை பார்க்காமல் கரையோரம் நடக்கப் போவது உயிருக்கு ஆபத்து. இங்கே நாம் அவ்வளவு பயப்படத் தேவையில்லை.

அப்படியென்றால் கொழும்பில் எதைப் பார்த்துத் திட்டமிடுவது? காற்றை. சோளகத்தை. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றை. இந்தத் துறைமுகமே சோளகத்துக்காகக் கட்டப்பட்டதுதான். முன்பு கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுக் கிடக்கும், சோளகம் எழும்பினால் பொருள் இறக்கமுடியாமல் தவிக்கும். 1875இல் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்து, 1885இல் முடித்தார்கள். அந்தச் சுவரால்தான் தெற்கே காலித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. துறைமுகம் கட்டியவர்களே காற்றைப் பார்த்துத்தான் கட்டினார்கள். நடக்கப் போகிற நாமும் அதைத்தான் பார்க்கவேண்டும்.

வற்றுப்பெருக்கை முழுக்க மறந்துவிடவும் வேண்டாம். போயாவுக்கும், அதாவது பௌர்ணமிக்கும், அமாவாசைக்கும் ஒன்றிரண்டு நாள் பிறகு கடல் கூடுதலாக ஏறும். அதோடு சோளகமும் சேர்ந்தால் நடைபாதைக்கு மேலேயே அலை தெறிக்கும். அந்த நாட்களில் பிள்ளைகளைப் படிக்கட்டில் இறங்க விடாதீர்கள். இன்றைக்கு 4 மணிக்குக் கடல் ஏறி நின்றால் நாளைக்கு ஏறக்குறைய 4.50க்குத்தான் ஏறும். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும்.

இனி வழி. ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி. கோட்டையில் அலுவலகங்கள் பூட்டியிருக்கும், தெருக்கள் அமைதியாக இருக்கும். திடலில் இறங்கியதும் கடலுக்குப் போகாதீர்கள். கடல் கடைசியில். போகும்போது வீதியோரம், வரும்போது கடலோரம். பழைய பாராளுமன்றக் கட்டடத்தைத் தாண்டி, ஒல்லாந்தர் வைத்தியசாலைப் பக்கமாகக் கோட்டைக்குள் நுழையுங்கள். உயர்ந்த கட்டடங்களின் நிழல் அந்நேரம் தெருவில் விழுந்திருக்கும்.

சத்தாம் வீதிச் சந்தியில் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. அங்கே நில்லுங்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் நிற்பேன், இன்றைக்கும் கொஞ்சம் நிற்கப்போகிறேன். அது வெறும் மணிக்கூடு அல்ல, வெளிச்சவீடும்தான். 1857இல் மணிக்கூட்டுக் கோபுரமாக எழும்பியது. 1867இல் அதன் உச்சியில் கப்பல்களுக்காக விளக்கு ஏற்றினார்கள். ஊருக்கு நேரம், கடலுக்கு வழி, இரண்டையும் ஒரே கோபுரம் சொன்னது. அதன் வடிவத்தை வரைந்து கொடுத்தவர் தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி. அதே ஹென்றி வார்ட்தான் 1856இல் காலிமுகத்திடல் நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்தவர். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று தமக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனார். கணவர் நடைபாதை போட்டார், மனைவி கோபுரம் வரைந்தார். நாம் நடக்கிற வட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறது. எத்தனை பேர் அந்தச் சந்தியைப் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள்! அண்ணாந்து பார்த்தீர்களா? சுற்றிவரக் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் விளக்கை அணைத்தார்கள். அந்த விளக்கின் வேலையை ஏற்ற புதிய வெளிச்சவீட்டைத்தான் இன்னும் சிறிது நேரத்தில் பார்க்கப்போகிறோம்.

கால் இயலாதவர்கள் இந்தச் சந்தியிலிருந்தே திடலுக்குத் திரும்பிவிடலாம். இடையில் வெட்டித் திரும்ப வழியில்லாத வட்டத்தை முதியவர்களுக்குச் சொல்லவே கூடாது.

மற்றவர்கள் யோர்க் வீதியால் துறைமுகத்தை நோக்கி வாருங்கள். துறைமுகத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். மதிலுக்கு மேலே பாரந்தூக்கிகள் தெரியும், கப்பலின் ஊதல் கேட்கும். பக்கத்தில் புனித பீற்றர் ஆலயம், முன்னர் ஒல்லாந்தத் தேசாதிபதியின் வீடாக இருந்தது. அங்கிருந்து சைத்திய வீதி. தூண்களின் மேல் நிற்கிற பௌத்தத் தூபியான சம்போதி சைத்தியத்தைத் தாண்டினால், நான்கு சிங்கங்கள் காவல் நிற்க வெளிச்சவீடு, 29 மீற்றர். இந்தப் பகுதியில் காவற்சாவடிகள் உண்டு, அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள்.

வெளிச்சவீட்டுக்கு முன்னால் ஒரு காலத்தில் கடல்தான். இப்போது நிலம். துறைமுக நகரம் என்கிற புதிய நகரத்துக்காக மட்டும் 269 ஹெக்டேயர் கடலை நிரப்பியிருக்கிறார்கள். திடலின் வடக்கு முனையிலும் கடல் முழுதாகத் தெரியாது, தெற்கே நடக்க நடக்கத்தான் திறக்கும். அதனால்தான் சொன்னேன், கடல் கடைசியில். நீங்கள் அங்கே வந்து சேரும்போது 6 மணி ஆகியிருக்கும், சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். சோளகக் காலமென்றால் காற்று முகத்தில் அடிக்கும், அதுவும் நல்லதுதான்.

செட்டியார் தெரு, கொச்சிக்கடைப் பக்கமாக இரண்டாவது வட்டம் ஒன்றும் சொல்ல எழுதி வைத்திருந்தேன். நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், வெள்ளவத்தையிலிருந்து வருகிறவர்கள் 100 அல்லது 101 பஸ் எடுங்கள், ரயிலென்றால் கொம்பனித்தெருவில் இறங்குங்கள். தண்ணீர்ப் போத்தலை மறக்கவேண்டாம். வணக்கம்.