தலைமை யாருக்கு? செரோடோனினும் குரங்குக் கூட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின் என்ற பெயரை இன்று கேள்விப்படாதவர்கள் குறைவு. அது கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் சோகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியோடு எனக்கு நீண்ட காலமாகவே உடன்பாடில்லை. விலங்கியல் வகுப்பில் ஓயாமல் சொன்னதை இங்கும் சொல்கிறேன்: வேதிப்பொருளை மட்டும் பார்த்துவிட்டு விலங்கை மறந்துவிடக் கூடாது. அது யாரோடு இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் உடலிலுள்ள செரோடோனினில் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது. அது மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தானே உண்டாக்கிக்கொள்கிறது. இந்த டிரிப்டோஃபேன் சாப்பாட்டிலிருந்து வருவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

நான் சொல்ல வந்தது வெர்வெட் குரங்குகளின் கதை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, முகம் கறுத்த குரங்கு இனம் இது. கலிபோர்னியாவில் மைக்கேல் ராலே, மைக்கேல் மெக்வயர் ஆகியோரின் குழு இவற்றைப் பல ஆண்டுகள் கவனித்தது. 1991இல் வெளியான அவர்களுடைய சோதனையை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

மொத்தம் 12 கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் வளர்ந்த ஆண்கள், பெண்கள், குட்டிகள். ஆண்களில் ஒன்று தலைவன். அந்தத் தலைவனைக் கூட்டத்திலிருந்து அப்புறப்படுத்தினார்கள். மிஞ்சிய இரண்டு ஆண்களில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மருந்து கொடுத்தார்கள். மற்றதற்கு மருந்து இல்லை. இரண்டு ஆண்கள், ஒன்றுக்கு மட்டும் மருந்து, இதுதான் சோதனை.

செரோடோனின் செயல்பாட்டைக் கூட்டுவதற்கு டிரிப்டோஃபேன், அல்லது மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவாக்ஸெடின். இவற்றைப் பெற்ற குரங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவனாயிற்று. அதே குரங்குக்கு வேறொரு கட்டத்தில் செரோடோனின் செயல்பாட்டைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தபோது, மருந்து பெறாத மற்ற ஆண் தலைமையைப் பிடித்தது.

அப்படியானால் செரோடோனின் சண்டைக்குணத்தைக் கூட்டுகிறது என்றுதானே தோன்றுகிறது? நடந்தது நேர்மாறு. சண்டைக்குணம் கூடியது, செரோடோனின் குறைந்த குரங்குகளிடம்தான். மலைக்கோயில் படிகளில் குரங்குக் கூட்டத்தை நின்று கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: ஒன்று முதுகைக் காட்டி உட்கார, இன்னொன்று முடியை விலக்கி விலக்கிப் பேன் பார்க்கும். அதுதான் அங்கே உறவு. செரோடோனின் கூடிய ஆணும் முதலில் பெண் குரங்குகளை நெருங்கி இப்படித்தான் பழகியது. பெண்களின் ஆதரவு கிடைத்தது. தலைமை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசைதான் முக்கியம்: முதலில் பெண்களோடு நெருக்கம், பிறகு தலைமை. மருந்து மகுடம் சூட்டவில்லை. அது குரங்கு பழகும் விதத்தை மாற்றியது, மற்றதைக் கூட்டம் செய்தது. பெண்களே இல்லாத கூண்டில் தனியாக அடைத்து வைத்த குரங்கிடம் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது. விலங்கை அதன் கூட்டத்தோடு பாருங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

நேரம் குறைந்துவிட்டது என்று சைகை வருகிறது. ஜப்பானின் ஒகினாவாவில் மியாசாகி, டோயா குழுவினர் செய்த சுண்டெலிச் சோதனையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒரு துளையில் மூக்கை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தால் எலிக்குத் தீனி கிடைக்கும். சில முறை வேண்டுமென்றே தீனி தராமல், எலி எவ்வளவு நேரம் காக்கிறது என்று அளந்தார்கள். சாதாரணமாகச் சுமார் 12 விநாடியில் அது விலகிவிடும். மூளைத்தண்டிலுள்ள செரோடோனின் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபோது 17 விநாடிக்கு மேல் காத்திருந்தது. இது 2014இல் வந்த முடிவு.

2018இல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. தீனி கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதமாக இருந்தபோது தூண்டுதல் எலியை அதிக நேரம் காக்க வைத்தது. வாய்ப்பு 50 சதவீதமாகவோ 25 சதவீதமாகவோ குறைந்தபோது, தூண்டியும் அந்தக் கூடுதல் பொறுமை வரவில்லை. கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு எலியிடம் ஏற்கெனவே வலுவாக இருந்தால்தான் செரோடோனின் அதைக் காக்க வைத்தது. வணக்கம்.